மாநிலங்களவையில் அறிஞர் அண்ணா

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (கணிதவியல்)

வென்றவர்களின் வரலாற்றை எழுத ஆயிரம் பேர் உண்டு. தோற்ற மறுநாள் ஒருவர் என்ன செய்தார் என்பதை எழுதுவோர் சிலரே. நான் இங்கே எழுத முற்படுவது, தமது சொந்த ஊரிலேயே தேர்தலில் தோற்ற ஒரு பெருமகனார், அதே ஆண்டில் நாட்டின் தலைநகருக்குச் சென்று என்ன செய்தார் என்பதைத்தான். அந்தப் பெருமகனார் பேரறிஞர் அண்ணா. அவர் சென்ற இடம் மாநிலங்களவை.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கக்கூடும். தோற்றவன் என்ற தகுதி ஒன்று போதாதா?

எங்கள் வீடு தோவாளைக்கு அருகில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. அப்பா பூச்சந்தையில் சுமை தூக்குகிறார். அம்மா வீட்டிலிருந்தபடியே பூக்கட்டுகிறார். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். முன்னறைச் சுவரில் பாட்டா மாட்டி வைத்த இரண்டு படங்கள் உண்டு. ஒன்று காமராசர், மற்றொன்று அண்ணா. இருவரும் ஒரே கட்சிக்காரர்கள் என்றுதான் சிறு வயதில் எண்ணியிருந்தேன். எதிரெதிர் அணியில் நின்றவர்கள் என்பது பள்ளிக்கூடத்தில்தான் தெரிந்தது.

முதலாம் ஆண்டில் வகுப்புப் பிரதிநிதி தேர்தலில் நின்று தோற்றேன். தோற்றதில் யார்மீதும் குறையில்லை; வென்றவர் என்னைவிட நன்றாகப் பேசுபவர். ஆனாலும் இரண்டு நாள் கல்லூரிக்குப் போகவில்லை. பாட்டா காரணம் கேட்டார். சொன்னேன். அவர் சுவரைக் காட்டி, இந்த இருவருமே ஓட்டில் தோற்றவர்கள்தான், ஒருவர் 1962-இல், மற்றவர் 1967-இல் என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டார். மறுநாள் நூலகத்துக்குப் போனேன். அங்கே தொடங்கிய தேடலே இக்கட்டுரை.

இளமையும் கல்வியும்

அண்ணா 1909 செப்டம்பர் 15-ஆம் நாள் காஞ்சிபுரத்தில் எளிய நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் நடராசன், தாயார் பங்காரு அம்மாள். வளர்த்தவர் சிற்றன்னை இராசாமணி அம்மையார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் குடும்பச் சூழலால் காஞ்சிபுரம் நகராட்சியில் சிறிது காலம் எழுத்தராக வேலை பார்த்தார். அந்த நாற்காலியிலேயே அவர் இருந்திருந்தால் நமக்கு ஓர் அண்ணா கிடைத்திருக்க மாட்டார். வேலையை விட்டுச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார்; பொருளாதாரமும் அரசியலும் படித்து முதுகலைப் பட்டம் பெற்றார். ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சும் நம்மைப் போன்ற மாணவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பிற்காலத்தில் டெல்லியில் எல்லோரும் காதுகொடுத்துக் கேட்ட அந்த ஆங்கிலம், நெசவாளர் வீட்டிலிருந்து வந்த ஒரு பிள்ளை கல்லூரியில் உழைத்துச் சேர்த்த செல்வம்.

அவர் பெரியாரோடு இணைந்ததும், 1938-இல் இந்தி எதிர்ப்புப் போரில் சிறை சென்றதும், 1942-இல் திராவிட நாடு என்ற வார இதழைத் தொடங்கியதும், 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தைக் கண்டதும் யாவரும் அறிந்தவை. நம் மாவட்டத்துக்கும் அவருக்கும் ஓர் உறவு அந்த ஆண்டிலேயே உண்டு. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்காக அவர் எழுதிய நல்லதம்பி திரைப்படம் 1949-இல்தான் வெளிவந்தது. புதிய கட்சியில் தலைவர் நாற்காலியைப் பெரியாருக்காகக் காலியாக வைத்துவிட்டு, பொதுச்செயலாளராகவே இருந்து அண்ணா கட்சியை நடத்தினார். பிரிந்து வந்த பின்னும் ஆசானின் இடத்தில் தாம் அமரவில்லை. இப்பண்பு மேலும் பேசப்பட வேண்டியது. ஆயினும் என் பொருள் வேறு என்பதால் கடந்து செல்கிறேன்.

1962: தோல்வியும் புதிய வாசலும்

1957-இல் தி.மு.கழகம் முதன்முதலாகத் தேர்தலில் நின்று சட்டமன்றத்தில் 15 இடங்களைப் பெற்றது. அண்ணா காஞ்சிபுரத்தில் வென்றார். ஐந்தாண்டு கழித்து, 1962-இல், கழகம் 50 இடங்களுக்கு உயர்ந்தது. ஆனால் அண்ணா காஞ்சிபுரத்தில் காங்கிரசு வேட்பாளர் நடேச முதலியாரிடம் தோற்றார். கட்சி வளர்ந்தது, தலைவர் வீழ்ந்தார். தம்பிமார் ஐம்பது பேர் மன்றத்துள் நுழைய, அண்ணன் மட்டும் வாசலில் நின்றார்.

இந்த இடத்தில் மாநிலங்களவை என்பது யாது, அதில் எவ்வாறு இடம் பெறுவது என்பதைச் சற்று விளக்க வேண்டும். அந்த அவை 1952-இல் அமைந்தது. அமெரிக்க நாட்டில் செனட் எப்படியோ, அப்படி நம் நாட்டில் மாநிலங்களின் சார்பில் அமர்ந்த அவை இது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் சிறிய மாநிலமோ பெரிய மாநிலமோ, ஒவ்வொன்றுக்கும் இரண்டே இடங்கள். இங்கே மக்கள்தொகையை ஒட்டி இடங்கள் பகிரப்படுகின்றன. உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, கோவாவுக்கு ஒன்று. குடியரசுத் தலைவர் நியமிக்கும் 12 பேரையும் சேர்த்து அவையின் உச்ச அளவு 250. குடியரசுத் துணைத்தலைவரே அவைத்தலைவர். மக்களவையைப் போல இதைக் கலைக்க முடியாது. ஆறாண்டு பதவிக்காலம், இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவர்.

இதன் உறுப்பினர்களைச் சட்டமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கின்றனர். கணித மாணவருக்கு இந்தத் தேர்தல் முறை இனிக்கும். காலியிடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, அதனால் மன்ற உறுப்பினர் தொகையை வகுத்தால், ஓர் இடத்துக்குத் தேவையான வாக்கு கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். இன்று 234 பேர் கொண்ட நம் சட்டமன்றத்திலிருந்து ஆறு பேரை அனுப்பும்போது ஒருவருக்கு 34 வாக்கு வேண்டும். 1962-இல் மன்றம் 206 பேரைக் கொண்டது. அதே கணக்கைப் போட்டால் 30 வருகிறது. கழகத்திடம் இருந்ததோ 50. பெரும்பான்மை இல்லாத கட்சிக்கும் அதன் வலிமைக்கேற்ப இடம் கிடைக்க வேண்டும் என்பதே இந்த முறையின் உட்பொருள். வாக்காளர் மூடிய கதவுக்குப் பக்கத்தில் இவ்வாறு இன்னொரு கதவு இருந்தது. அதன் வழியே 1962 ஏப்ரலில் அண்ணா மாநிலங்களவை உறுப்பினரானார்.

நம் மாவட்டத்தார்க்கு அந்த அவை புதியதன்று. தாய்த் தமிழகத்தோடு இணைவதற்குமுன், திருவிதாங்கூர்–கொச்சியில் நாம் இருந்த நாளில், திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் சார்பில் அப்துல் ரசாக் அந்த அவையில் அமர்ந்தார். மார்சல் நேசமணி மக்களவையில் அமர்ந்தார். 1956 நவம்பர் 1-ஆம் நாள் நாம் இணைந்ததற்குப் பின்னால் அவர்களைப் போன்றோரின் குரல் இருக்கிறது. சிறிய கட்சியின் குரலுக்கு அங்கே என்ன பயன் என்று கேட்போர்க்கு நம் மாவட்டமே விடை.

பெருங்கடலில் ஒரு தோணி

அண்ணா நுழைந்தபோது அந்த அவை காங்கிரசுப் பெருங்கடலாக இருந்தது. எதிரணியினர் பல கட்சியாகச் சிதறியிருந்தனர். எதிர்க்கட்சித் தலைவர் என்ற முறையான ஏற்பே அந்த அவையில் அப்போது யாருக்கும் இல்லை. 1969 டிசம்பரில், காங்கிரசு பிளவுபட்ட பிறகுதான், சியாம் நந்தன் மிசுரா அந்த ஏற்பைப் பெற்ற முதல் தலைவரானார். அதனால் அண்ணாவுக்கு அங்கே தனி அறையோ சிறப்பு உரிமையோ இல்லை. தம் கட்சியின் தலைமைக் குரல் என்பதே அவருக்கிருந்த ஒரே பதவி.

1962 மே முதல் நாள், குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி கூறும் தீர்மானத்தின்மீது அவர் தம் கன்னிப் பேச்சை நிகழ்த்தினார். தாம் திராவிட இனத்தவர் என்பதில் பெருமை கொள்வதாகவும், அதனால் வங்காளியருக்கோ மராட்டியருக்கோ குசராத்தியருக்கோ பகைவர் அல்லர் என்றும், உலகுக்கு வழங்கத் தம் மக்களிடம் தனித்த செல்வம் ஒன்று உண்டு என்றும் எடுத்துரைத்து, தன்னுரிமை வேண்டினார். அவையில் குறுக்கீடுகள் எழுந்தன. அவர் சினம் கொள்ளவில்லை. ஒவ்வொன்றுக்கும் நகைச்சுவையும் நயமுமாக விடையிறுத்தார். அவர் கருத்தை அவையினர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. எனினும் தெற்கே ஒரு குரல் இருக்கிறது என்பதை அன்று நாடு முழுவதும் அறிந்தது.

அடுத்து வந்ததே அவர் வாழ்வின் கடினமான சோதனை. விலைவாசி உயர்வை எதிர்த்த போராட்டத்தில் சிறை சென்றிருந்தவர் 1962 அக்டோபரில் வெளிவந்தார். அதே அக்டோபரில் சீனப் படையெடுப்பு நிகழ்ந்தது. அண்ணா பிரிவினைப் பேச்சை நிறுத்திவைத்து, அரசின் போர் முயற்சிக்குத் துணை நின்றார். 1963-இல் பிரிவினையைத் தடுக்கும் நோக்குடன் அரசியல் சட்டத்தின் பதினாறாம் திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்பவர் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதி ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். மாநிலங்களவையில் அதை எதிர்த்து அண்ணா வாதாடினார். ஆயினும் திருத்தம் நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பரில் கழகம் தன் சட்டதிட்டத்தை மாற்றி, திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது.

இதைப் பற்றி எங்கள் வகுப்பில் ஒரு நாள் பெரும் விவாதமே நடந்தது. கொண்ட கொள்கையை விட்டவர் கோழை என்றார் ஒருவர். கட்சி தடை செய்யப்பட்டிருந்தால் கொள்கை பேசவும் ஆள் இருந்திருக்காது என்றார் மற்றொருவர். நான் நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். கோரிக்கையை விட்டோம், அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்பதே அண்ணாவின் நிலை. மொழி, தொழில் வளர்ச்சி, மாநில உரிமை ஆகிய காரணங்களைத் தூக்கிக்கொண்டு அவர் மீண்டும் அதே அவைக்குச் சென்றார். விடையைத் தவறென்று அடித்துவிட்டாலும் கணக்கை விட்டுவிடாத மாணவரைப் போல வேறு வழியில் அதை மறுபடியும் போட்டார். இதில் இழப்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பதினைந்து ஆண்டு மேடையில் முழங்கியதைக் கைவிடுவது எளிதன்று. அவரை நம்பி வந்த தொண்டர்க்கும் எளிதன்று. அந்தச் சுமையைத் தாம் முன்னின்று ஏற்றார் என்பதையே நான் வீரம் என்று கருதுகிறேன்.

லாம் என்ற விகுதியும் ஒரு மாநிலத்தின் பெயரும்

1963-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 1965 சனவரி 26-க்குப் பின்னும் இந்தியோடு ஆங்கிலம் தொடரலாம் என்று அது கூறியது. தொடரலாம் என்பதற்கும் தொடரும் என்பதற்கும் உள்ள தொலைவை அண்ணாவும் பிறரும் சுட்டிக்காட்டினர். ஒரு விகுதியில் கோடிக்கணக்கான மக்களின் வேலைவாய்ப்பும் மானமும் தொங்குகிறது என்பதே அவர்களுடைய கவலை. இரண்டும் ஒன்றுதான் என்றார் பிரதமர் நேரு. எண்ணிக்கையே அளவுகோல் என்றால் மயிலை விட்டுக் காக்கையைத்தான் தேசியப் பறவையாக்க வேண்டும் என்ற வாதம் இன்றும் நம் ஊர் மேடைகளில் அண்ணாவின் பெயரால் சொல்லப்படுகிறது. சட்டம் அப்படியே நிறைவேறியது. அந்த ஆண்டின் இறுதியில், அரசியல் சட்டத்தின் மொழிப் பகுதியை எரிக்கும் போராட்டத்துக்காக அவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. 1965-இல் மாணவர் கிளர்ச்சி தமிழகத்தையே உலுக்கியது. பின்னர், 1967-இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், இந்தி பேசாத மாநிலங்களின் சட்டமன்றங்கள் இசையும் வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று உறுதி அளித்தது. நான்காண்டு முன் கேளாத காது அன்று கேட்டது.

மற்றொரு வழக்கு பெயர் வழக்கு. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டிச் சங்கரலிங்கனார் 1956-இல் 76 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். மாநிலங்களவையில் அதற்கான தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தவர் தமிழர் அல்லர். வங்கத்துப் பொதுவுடைமைத் தலைவர் பூபேசு குப்தா. 1963-இல் அதன்மீது நடந்த விவாதத்தில் அண்ணா ஆதரித்துப் பேசினார். பெயரை மாற்றுவதால் என்ன கிடைக்கும் என்று ஓர் உறுப்பினர் கேட்டபோது, மாநிலங்களின் மன்றத்தை ராஜ்ய சபா என்று மாற்றியதால் உங்களுக்கு என்ன கிடைத்ததோ அதுவே என்ற பொருள்பட விடையளித்தார். அந்த அவையின் பெயரே 1954-இல் அவ்வாறு மாற்றப்பட்டதுதான். அவையின் சொந்தப் பெயரையே அவர் சான்றாக நிறுத்தினார். ஆயினும் வாக்கெடுப்பில் மசோதா தோற்றது.

வெற்றியும் விடைபெறலும்

1967 தேர்தலில் கழகம் தமிழகத்தில் ஆட்சியைப் பிடித்தது. தென்சென்னை மக்களவைத் தொகுதியில் வென்றிருந்த அண்ணா, மாநிலங்களவையை விட்டு விலகி, மார்ச் 6-ஆம் நாள் முதலமைச்சரானார். அதே தேர்தலில் காமராசர் விருதுநகரில் தோற்றார். அந்தத் தோல்விக்காக அண்ணா மகிழவில்லை, வருந்தினார் என்பது அவரை அறிந்தோர் பலரும் சொன்ன செய்தி. தோல்வியைத் தாமே சுவைத்தவர் அல்லவா?

1967 சூலை 18-ஆம் நாள் தமிழ்நாடு என்ற பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. 1968-இல் நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் இயற்றியது. 1963-இல் மறுத்த அதே மாநிலங்களவை 1968-இல் இசைந்தது. கேட்டவர் அங்கே இல்லை. ஆனால் கேட்டது கிடைத்தது. 1969 சனவரி 14-ஆம் நாள் பெயர் நடைமுறைக்கு வந்தது. புற்றுநோய்க்கு நியூயார்க்கில் அறுவை சிகிச்சை பெற்றுத் திரும்பியிருந்த அண்ணா, அந்தச் சனவரியில், உடல் தளர்ந்த நிலையிலும் சென்னையில் கலைவாணர் சிலையைத் திறந்துவைத்தார். அவர் கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி நம் ஒழுகினசேரிக்காரரின் சிலைத் திறப்பு என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

அதே சனவரியில் நம் மாவட்டத்தில் இன்னொன்று நடந்தது. நேசமணி மறைவால் காலியான நாகர்கோவில் மக்களவைத் தொகுதியின் இடைத்தேர்தலில் காமராசர் நின்று வென்றார். காஞ்சி கைவிட்ட அண்ணாவுக்கு மாநிலங்களவை கதவு திறந்தது. விருதுநகர் கைவிட்ட காமராசருக்கு நாஞ்சில் நாடு கதவு திறந்தது. என் பாட்டா அன்று இருபத்துமூன்று வயது இளைஞர், காமராசர் பக்தர். ஓட்டுப் போட்டு, வெற்றிக்காக ஊர்வலமும் போனவர்.

சில வாரங்களில், பிப்ரவரி 3-ஆம் நாள், அண்ணா மறைந்தார். தேநீர்க்கடை வானொலியில் செய்தி வந்ததும் பாட்டா அன்றைய கூலியில் ஒரு மாலை வாங்கி, கடையிலிருந்த அண்ணா படத்துக்குப் போட்டாராம். எதிர்க்கட்சிக்காரருக்கு ஏன் என்று நான் கேட்டேன். தோற்றபோது ஓடி ஒளியாத மனிதன் எந்தக் கட்சியில் இருந்தால் என்ன என்றார். அதற்குப் பிறகுதான் இரண்டு படங்களும் எங்கள் வீட்டுச் சுவரில் அடுத்தடுத்து ஏறின.

முடிவுரை

இன்று மாநிலங்களவை புதிய கட்டடத்துக்கு இடம் மாறிவிட்டது. அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் உறுப்பினர்கள் அங்கே பேசலாம், தமிழிலும் பேசலாம். மொழிக்காக வாதாடியவர் அமர்ந்திருந்த அவையில் இது நடப்பது பொருத்தமே.

இந்த ஆண்டும் நான் வகுப்புப் பிரதிநிதி தேர்தலில் நின்றேன், மீண்டும் தோற்றேன். ஆனால் இம்முறை மறுநாளே கல்லூரிக்கு வந்தேன். எங்கள் ஊர்ப்பக்கத்துக் காலைப் பேருந்து தாமதமாக வருவதால் இருபத்துமூன்று பேருக்கு முதல் மணி வருகைப்பதிவு போய்விடுகிறது. பெயர், ஊர், தவறிய நாள் எல்லாவற்றையும் அட்டவணையாக்கி நான் விண்ணப்பம் எழுதினேன். தேர்தலில் என்னை வென்ற நண்பர் அதைப் படித்துவிட்டு முதல் கையொப்பம் இட்டார். இருவரும் சேர்ந்தே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

இன்னும் பதில் வரவில்லை. 1963-இல் தோற்ற மசோதா 1968-இல் சட்டமாயிற்று என்பதை நினைத்துக்கொள்கிறேன். அடுத்த விண்ணப்பத்துக்கான அட்டவணையும் ஆயத்தமாக இருக்கிறது.